ரேடியோஹெட்டின் ‘க்ரீப்’ எப்படிப் பிறந்தது, ஏன் இன்னும் ஓயவில்லை?

கேள்வி இதுதான்: 1992இல் வந்து, வந்த வேகத்திலேயே தோற்றுப்போன, ரேடியோஹெட் என்ற பிரிட்டிஷ் குழுவின் ஒரு ஆல்டர்நேட்டிவ் ராக் பாட்டை 30 வருடம் கழித்தும் புதுப்புது ஆட்கள் ஏன் தேடிக் கேட்கிறார்கள், அதன் பின்னணி என்ன?

தாழ்வு மனப்பான்மையைப் பாடுகிறது, அதனால் எல்லோருக்கும் பிடிக்கிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அதைப் பாடிய பாட்டுகள் ஆயிரம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இன்று யார் நினைவிலும் இல்லை. ‘க்ரீப்’ நிற்பதற்குக் காரணம் அதன் கட்டுமானம். “நான் இந்த இடத்தைச் சேர்ந்தவன் இல்லை” என்று வரி சொல்வதையே அதன் கார்டுகளும் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) செய்கின்றன. அதை விளக்கத்தான் இந்தப் பதில். முதலில் வரலாற்றைப் பார்த்துவிடுவோம்.

பாட்டை எழுதியவர் குழுவின் பாடகர் தாம் யார்க். 1980களின் இறுதியில், எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் எழுதினார். தான் விரும்பும் பெண்ணின் பின்னாலேயே சுற்றி, நேருக்கு நேர் நின்று பேசத் துணிவில்லாத ஒருவனின் குரல் அது. இசைக்குழுவின் ஐந்து பேரும் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆபிங்டனில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ‘ஆன் எ ஃப்ரைடே’ என்பது குழுவின் பழைய பெயர். 1991 இறுதியில் ஈ.எம்.ஐ. இசை நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆன பிறகுதான் ‘ரேடியோஹெட்’ ஆனார்கள்.

1992இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் சிப்பிங் நார்ட்டன் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். தயாரிப்பாளர்கள் பாஸ்டனிலிருந்து வந்த ஷான் ஸ்லேட், பால் கோல்டெரி இருவரும். அங்கே பதிவு செய்யத் திட்டமிட்டிருந்தவை வேறு பாட்டுகள். ஒத்திகையில் குழு ‘க்ரீப்’பை ஒருமுறை வாசித்துவிட்டு, இது எங்கள் ‘ஸ்காட் வாக்கர் பாட்டு’ என்றது. யார்க் சொன்னது அந்தப் பாடகரின் சாயலில் அமைந்த பாட்டு என்ற பொருளில். தயாரிப்பாளர்கள் அதை ஸ்காட் வாக்கருடைய பாட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். இவர்களிடம் இருப்பதில் சிறந்த பாட்டு இரவல் பாட்டாகப் போய்விட்டதே என்று வருந்தினார்கள். திட்டமிட்ட பாட்டுகள் சரியாக அமையாத ஒரு நாளில், இறுக்கம் குறையட்டும் என்று ‘க்ரீப்’பை வாசிக்கச் சொன்னார்கள். ஒரே டேக்கில் முடிந்தது. கன்ட்ரோல் அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அது சொந்தப் பாட்டு என்று தெரிந்ததும் கோல்டெரி உடனே ஈ.எம்.ஐ.க்குப் போன் செய்து, சிங்கிளாக (தனிப் பாட்டு வெளியீடாக) இதைப் போடுங்கள் என்றார்.

எல்லோரும் பேசும் அந்தக் கிட்டார் வெடிப்பு (பல்லவி தொடங்கும் முன் வரும் ‘ஜக்… ஜக்’) ஜானி கிரீன்வுட்டுடையது. பாட்டு அளவுக்கு மீறி அமைதியாக இருக்கிறது என்பது அவர் எண்ணம். எரிச்சலில் அடித்தார். சக கிட்டார் கலைஞர் எட் ஓ’பிரையன் பின்னாளில் சொன்னதன் சாரம்: ஜானி பாட்டைக் கெடுக்கப் பார்த்தான், அதுவே பாட்டை உருவாக்கிவிட்டது. மிக்ஸிங்கிலும் ஒன்று நடந்தது. பியானோ முன்பே நுழைந்திருக்க வேண்டும். கோல்டெரி அதைச் சேர்க்க மறந்து, பாட்டின் கடைசிப் பகுதியில்தான் உயர்த்தினார். குழுவுக்கு அது பிடித்துப்போய் அப்படியே விட்டார்கள்.

சிங்கிள் 1992 செப்டம்பரில் வெளியானது. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 78ஆம் இடத்தோடு நின்றது. பி.பி.சி. ரேடியோ 1 இது ரொம்பவும் சோர்வூட்டுகிறது என்று ஒதுக்கியது. அதைக் காப்பாற்றியது வெளிநாட்டு வானொலிகள். இஸ்ரேலில் யோவ் குட்னர் என்ற அறிவிப்பாளர் திரும்பத் திரும்ப ஒலிபரப்பி அங்கே அதைப் பெரிய வெற்றியாக்கினார். 1993இல் குழு டெல் அவீவ் போய் வாசித்தது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் ‘லைவ் 105’ நிலையம் பிடித்துக்கொள்ள, மற்ற நிலையங்களும் தொடர்ந்தன. ‘நிர்வாணா’ என்ற அமெரிக்க ராக் குழுவின் வெற்றிக்குப் பிறகு மெதுவாகத் தொடங்கி வெடிக்கும் கிட்டார் பாட்டுகளை அமெரிக்க ஆல்டர்நேட்டிவ் நிலையங்கள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. பல்லவிக்கு முந்தைய ஒரு கெட்ட வார்த்தையை மாற்றி, வானொலிக்கென்று தனியாக ஒரு வடிவமும் பதிவானது. அமெரிக்க இசைத் தரவரிசை இதழான பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் 2ஆம் இடம், பொதுப் பட்டியலில் 34. 1993 செப்டம்பரில் பிரிட்டனில் மறுபடி வெளியிட்டபோது 7ஆம் இடம். அதே பாட்டு, அதே பதிவு, ஒரு வருட இடைவெளி.

இனி கட்டுமானம். இந்தப் பகுதிக்குக் கிட்டாரோ கீபோர்டோ கையில் இருந்தால் நல்லது.

பாட்டு முழுக்க நாலே கார்டு: ஜி மேஜர், பி மேஜர், சி மேஜர், சி மைனர். சரணம், பல்லவி, இடைப்பகுதி எதிலும் மாற்றம் கிடையாது. வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 92 தட்டு. ஒவ்வொரு கார்டும் எட்டுத் தட்டு, ஒரு சுற்று 32 தட்டு, அதாவது சுமார் 21 விநாடி. ஏறத்தாழ நான்கு நிமிடப் பாட்டில் இந்தச் சுற்று பதினோரு முறை வருகிறது. முதல் சுற்று வாத்தியம் மட்டும், அடுத்த இரண்டு சரணம், பிறகு பல்லவி. முதல் நிமிடம் முடியும் இடத்தில் பல்லவி விழுவது இதனால்தான்.

நான்கில் ஜியும் சியும் பாட்டின் ஜி மேஜர் ஸ்கேலுக்கு (சுர வரிசைக்கு) சொந்தமானவை. மற்ற இரண்டும் வெளியாட்கள். இரண்டையும் வெளியாளாக்குவது பியானோவில் ஒரே கறுப்புக் கட்டைதான். பி மேஜரில் அதற்கு டி ஷார்ப் என்று பெயர், சி மைனரில் ஈ ஃபிளாட். ஜியை ஷட்ஜமாக (நம் கணக்கில் ஐந்து கட்டை) வைத்துக்கொண்டு, நடுவில் ஓடும் அந்த ஒரு குரலை மட்டும் பாடிப் பாருங்கள்: பஞ்சமம், சுத்த தைவதம், சதுச்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம், மறுபடி பஞ்சமம். அரை சுரம் அரை சுரமாக ஏறி, உச்சியைத் தொட்டு, ஏறிய வழியே இறங்கிவிடுகிறது. முதல் மூன்று கார்டில் நம்பிக்கை ஏறுகிறது, நான்காவதில் தளர்கிறது.

பல்லவியின் வரிகள் எந்தக் கார்டில் விழுகின்றன என்று கவனியுங்கள். தன்னை விசித்திரமானவன் என்று சொல்லும் வரி பி மேஜரில் வருகிறது. இங்கே நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்ற கேள்வி சி மேஜரில். இந்த இடத்தைச் சேர்ந்தவன் இல்லை என்ற வரி சி மைனரில். ஸ்கேலுக்குச் சொந்தமில்லாத இரண்டு கார்டுகளும் அந்நியத்தைச் சொல்லும் இரண்டு வரிகளைத் தாங்குகின்றன. ஆங்கிலம் சரியாகப் புரியாதவர்களையும் பாட்டு தொடுவதற்கு எனக்குத் தெரிந்த ஆகச் சரியான விளக்கம் இதுதான்.

கிட்டாரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜியை மூன்றாம் ஃப்ரெட்டில் பார் கார்டாக (ஒரு விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தி) பிடியுங்கள் (355433: தடித்த கம்பியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கம்பியிலும் அழுத்தும் ஃப்ரெட்டின் எண், x என்றால் அந்தக் கம்பி ஒலிக்கக் கூடாது). பி-க்கு இரண்டாம் ஃப்ரெட்டில் ஏ வடிவம் (x24442). அதே விரல்களை ஒரு ஃப்ரெட் தள்ளினால் சி (x35553). சி மைனருக்கு x35543. இப்போது இரண்டாம் கம்பியை (மெல்லிய பக்கத்திலிருந்து எண்ணி) மட்டும் பாருங்கள்: 3, 4, 5, 4, பிறகு மறுபடி 3. பாட்டின் உயிர் அந்த ஒற்றைக் கம்பியில் இருக்கிறது. புதிதாகப் பழகுபவர்கள் ஜியைத் திறந்த கார்டாக 320003 என்று பிடிப்பார்கள். இரண்டாம் கம்பி திறந்து கிடப்பதால் அந்த ஏற்றம் அறுந்துபோகும். பார் பிடிக்கக் கை வலித்தால் 320033 என்றாவது பிடியுங்கள். கீபோர்டில் வலது கைக்கு: ஜி-பி-டி, எஃப் ஷார்ப்-பி-டி ஷார்ப், ஜி-சி-ஈ, ஜி-சி-ஈ ஃபிளாட். மேல் விரல்தான் கதை சொல்கிறது, மற்ற விரல்கள் கிட்டத்தட்ட நகர்வதே இல்லை.

சுருதி எட்டாதவர்களும் பி கார்டு கடினமாக இருப்பவர்களும் கேப்போவால் (கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை உயர்த்தும் கவ்வி) சமாளிக்கலாம் என்று நினைப்பார்கள். முழுத் தீர்வு அதில் இல்லை. சி வடிவத்தில் (சி, ஈ, எஃப், எஃப் மைனர்) வாசித்தால் இரண்டாம் கார்டு எளிதாகும், ஆனால் எஃப் இரண்டும் கையைப் படுத்தும். மூல சுருதிக்குக் கேப்போவை ஏழாம் ஃப்ரெட்டில் போட வேண்டியிருக்கும், ஒலி மெலிந்துவிடும். கிட்டார் முழுவதையும் அரை சுரமோ ஒரு சுரமோ இறக்கி, அதே வடிவங்களைப் பிடிப்பதுதான் சிறந்தது. எவ்வளவு இறக்குவது என்பதைச் சரணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சரணம் யாருக்கும் எட்டும். இரண்டாம் பல்லவிக்குப் பிந்தைய இடைப்பகுதியில் நீண்டு ஒலிக்கும் அந்த உச்சக் குரலை முதலில் பாடிப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற சுருதியைத் தேர்ந்தெடுங்கள்.

கிட்டார் வெடிப்புக்கு வருவோம். அது கார்டு அல்ல. இடது கையைக் கம்பிகள் மேல் அழுத்தாமல் பரப்பி வைத்து, வலது கையால் முழு வேகத்தில் அடிக்கும் செத்த ஒலி. அக்காலத்தில் ஜானி வாசித்தது ஃபெண்டர் டெலிகாஸ்டர் பிளஸ், டிஸ்டார்ஷனுக்கு (ஒலியைக் கரடுமுரடாக்க) காலால் மிதிக்கும் மார்ஷல் ஷ்ரெட்மாஸ்டர் பெடல். எந்தப் பெடலாக இருந்தாலும் சரி, அதன் வால்யூம் சுத்தமான ஒலியைவிடத் தெளிவாக உயர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் கெயினை (கரகரப்பின் அளவை) மட்டும் கூட்டுவார்கள். அப்போது ஒலி கரகரக்கும், அறையாது. நாய்ஸ் கேட் (சின்ன இரைச்சலை அடைக்கும் கருவி) இருந்தால் அடியின் முனையை அது விழுங்கிவிடாத அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். இடமும் முக்கியம்: சரணத்தின் கடைசி சி மைனரில், பல்லவிக்குச் சற்று முன். அதற்கு முன்பே பெடலை மிதித்தால் வெடிப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

மேடைகளில் அதிகம் நடக்கும் தவறு கடைசியில். இடைப்பகுதியின் உச்சம் முடிந்ததும் பதிவில் எல்லாம் அடங்கிவிடுகிறது. கடைசிச் சரணமும் கடைசிப் பல்லவியும் மெல்லிய குரலிலேயே முடிகின்றன, பியானோவும் கூட வருகிறது. ராக் பாட்டின் கடைசிப் பல்லவி என்றால் உரக்க இருக்க வேண்டும் என்ற பழக்கத்தில் பல குழுக்கள் அங்கே முழு ஒலியையும் கொட்டுகின்றன. பாடுபவன் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறான். வெற்றிக் கூச்சல் போட அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்தக் கார்டு வரிசை ரேடியோஹெட் கண்டுபிடித்தது அல்ல. ஆல்பர்ட் ஹேமண்டும் மைக் ஹேஸில்வுட்டும் எழுதி, 1974இல் ‘ஹாலீஸ்’ குழு பாடிப் புகழ்பெற்ற ‘தி ஏர் தட் ஐ ப்ரீத்’ பாட்டின் சரணத்தில் இதே நடை இருக்கிறது. இடைப்பகுதியின் மெட்டும் அதை ஒட்டியது. பதிப்பாளர் தரப்பு சட்ட நடவடிக்கை எடுக்க, அந்த இருவரின் பெயரும் ‘க்ரீப்’பின் படைப்பாளர் பட்டியலில் சேர்ந்தது, ராயல்டியில் ஒரு பங்கும் போனது. எடுத்ததை ரேடியோஹெட் மறைக்காமல் ஒப்புக்கொண்டதால் சிறு பங்கோடு நிறுத்திக்கொண்டதாக ஹேமண்ட் சொல்லியிருக்கிறார். இது ‘க்ரீப்’பின் மதிப்பைக் குறைப்பதாக நான் கருதவில்லை. ஹாலீஸ் பாட்டில் அந்த மைனர் கார்டு கனிவைத் தருகிறது. இங்கே அதே கார்டு தோல்வி. வரிசை பொது, அதில் எந்தச் சொல்லை வைக்கிறோம் என்பது எழுதுபவரின் திறமை. 2018இல் அமெரிக்கப் பாடகி லானா டெல் ரேயின் ‘கெட் ஃப்ரீ’ பாட்டின் மேல் ‘க்ரீப்’ தரப்பிலிருந்து உரிமைக் கோரிக்கை எழுந்ததும் இதே சாயலை வைத்துத்தான்.

குழுவுக்கே இந்தப் பாட்டு பாரமானது. ‘க்ரீப்’ மட்டும் கேட்க வரும் கூட்டத்தை அவர்கள் வெறுத்தார்கள். 1994இல் வந்த ‘மை அயர்ன் லங்’ பாட்டு அந்த எரிச்சலில் பிறந்தது: உயிரையும் காப்பாற்றும், கட்டியும் போடும் சுவாச இயந்திரமாக இந்த வெற்றியை அது பார்க்கிறது. 1998க்குப் பிறகு மேடையில் அபூர்வமாகவே வாசித்தார்கள். 2001இல் ஆக்ஸ்ஃபோர்டின் சவுத் பார்க்கில், 2009இல் ரெடிங் விழாவில், பிறகு 2016 சுற்றுப்பயணத்தில். இப்படி ஒளித்து வைத்ததும் பாட்டின் ஆயுளுக்கு உதவியது என்பது என் கணிப்பு. தினம் கிடைக்கும் பாட்டாக இருந்திருந்தால் 90களின் நினைவுப் பொருளாகச் சுருங்கியிருக்கும்.

மற்றவர்கள் பாடியதும் ஒரு காரணம். கட்டுமானம் எளியது என்பதால் எந்த வடிவத்துக்கும் பொருந்துகிறது. 2008 கோச்செல்லா விழாவில் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் நீண்ட கிட்டார் ஆலாபனையோடு பாடினார். ரசிகர்கள் ஏற்றிய வீடியோக்களைப் பிரின்ஸ் தரப்பு நீக்கவைக்க, அது எங்கள் பாட்டு, தடையை எடுக்கச் சொல்லுங்கள் என்றார் யார்க். பெல்ஜியத்தின் ‘ஸ்காலா’ பெண்கள் கோரஸ் பாடிய வடிவம் 2010இல் ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்தின் டிரெய்லரில் வந்து, பாட்டை ஒரு புதிய தலைமுறையிடம் சேர்த்தது. 2021இல் யார்க் தானே அதை ஒன்பது நிமிடத்துக்கு இழுத்து, மெதுவாக்கி வெளியிட்டார். ஸ்பாட்டிஃபையில் 100 கோடி முறைக்கு மேல் கேட்கப்பட்டுவிட்டது.

பழக விரும்புபவர்கள் 1992 பதிவுக்கு அடுத்ததாக, ‘மை அயர்ன் லங்’ ஈ.பி.யில் (சிறு ஆல்பத்தில்) உள்ள அக்கவுஸ்டிக் வடிவத்தைக் கேளுங்கள். ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ மூன்றாம் படம் தொடங்குவதும் அக்கவுஸ்டிக் வடிவத்தோடுதான். வெடிப்பும் பெடலும் இல்லாதபோது சரணத்திலிருந்து பல்லவிக்கு ஏறும் வேலை முழுவதும் யார்க்கின் குரலிலும் ஸ்ட்ரம்மிங் அழுத்தத்திலும் விழுகிறது. தனியாக ஒரு கிட்டாரோடு பாடப் போகிறவர் பின்பற்ற வேண்டிய பதிவு அதுதான்.