இறந்த பின் வந்த குடியுரிமை

கேள்வி: அமெரிக்கக் குடிமக்களாக இல்லாமலே அந்நாட்டுப் படையில் சேர்ந்து போரில் இறந்த இளைஞர்களுக்குப் பின்னர் குடியுரிமை வழங்கப்பட்டதாமே? அதனால் யாருக்கு என்ன பயன்?

பதில்: உண்மைதான். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஹோசே அந்தோனியோ குட்டியெரெஸ். குவாத்தமாலாவில் பெற்றோரை இழந்து தெருவில் வளர்ந்த அவர், சரக்கு ரயில்களின் கூரையில் தொற்றிக்கொண்டு, உறங்கினால் தண்டவாளத்தில் விழ நேரும் என்ற நிலையில் மெக்சிகோவைக் கடந்து, கலிபோர்னியாவில் வளர்ப்புக் குடும்பங்களிடம் அடைக்கலம் பெற்றார். கட்டடக் கலைஞராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. கடற்படைக் காலாட்படையில் சேர்ந்த அவர், 2003 மார்ச் 21 அன்று, ஈராக் போர் தொடங்கிய மறுநாளே, உம் கஸ்ர் துறைமுகத்துக்கு அருகே குண்டு பாய்ந்து இறந்தார். சுட்டது சொந்தப் படையினரே என்று பின்னர் செய்திகள் வந்தன.

உயிரோடு இருந்தபோது கிரீன் கார்டு மட்டுமே வைத்திருந்தவருக்கு அடுத்த மாதமே குடியுரிமை கிடைத்தது. உடலோ குவாத்தமாலாவுக்கே திரும்பியது.

அப்போதைய சட்டப்படி அது வெறும் மரியாதை மட்டுமே; உறவினர் அதைக் காட்டிக் குடியேற முடியாது. அந்த அநீதி உறுத்தியதால்தான் 2003 நவம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, இறந்த வீரரின் துணை, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்குக் குடியேற்றச் சலுகைகள் வழங்கப்பட்டன. பெற்றோரே இல்லாத குட்டியெரெஸை நினைக்கும்போது மனம் கனக்கிறது.