செங்கல் நிறத்துல செவ்வாய் கல்லா? வாங்காதீங்க

கேள்வி: என் பொண்ணுக்கு கிரகம், நட்சத்திரம்னா உயிர். பிறந்தநாளுக்கு செவ்வாய் கிரகத்துக் கல் ஒண்ணு வாங்கித் தரலாம்னு ஆன்லைன்ல பாத்தேன். உள்ளங்கை அளவு, செங்கல் நிறம், மேலெல்லாம் ஓட்டை, காந்தம் நல்லா ஒட்டுது. "அங்க ஈர்ப்பு கம்மி, அதான் கல் இவ்ளோ லேசு"ன்னு விக்கிறவர் சொல்றார். சர்டிபிகேட்டும் உண்டாம். நம்பலாமா?

பதில்: எடுத்த எடுப்புலயே சொல்லிடறேன், வாங்காதீங்க. அவர் சொல்ற ஒவ்வொரு அடையாளமும் அது செவ்வாய் கல் இல்லன்னுதான் காட்டுது.

லேசா இருக்குங்கிற கதையை முதல்ல பாப்போம். செவ்வாயோட ஈர்ப்பு நம்ம பூமியில இருக்கிறதுல சுமார் 38 சதவீதம்தான், அது நிஜம். ஆனா அது கிரகத்தோட குணம், கல்லோட குணம் இல்லீங்க. கல் இங்க வந்துட்டா அதை இழுக்கிறது பூமிதான். அங்கிருந்து வந்த கல்லுங்க பெரும்பாலும் எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் மாதிரி வகை, கையில எடுத்தா நல்லாவே கனக்கும்.

அடுத்தது நிறம். ஏமாத்துறவங்களுக்கு சோறு போடறதே இந்த சிவப்புதான். பாடப்புத்தகத்துல "சிவப்புக் கோள்"னு ஒரு வரியோட நிறுத்திடறாங்க, அந்த சிவப்பு மேல படிஞ்ச துருத்தூசிதான்னு இன்னொரு வரி எழுத ஏன்தான் மனசு வரலையோ தெரியல. 2013 பிப்ரவரியில நாசாவோட கியூரியாசிட்டி ரோவர், அதாவது செவ்வாய்ல ஓடற ரோபோ வண்டி, அங்க ஒரு பாறையில துளை போட்டுச்சு, 1.6 செ.மீ அகலம், 6.4 செ.மீ ஆழம், அவ்வளவுதான். பாறைக்கு மேல துரு நிறம், உள்ளேருந்து வந்த பொடி பச்சையும் சாம்பலும் கலந்த மாதிரி. அந்தப் படத்தை உங்க பொண்ணுக்கு கட்டாயம் காட்டுங்க. விண்கல் மோதி, நொடிக்கு 5 கி.மீ.க்கும் மேல வேகத்துல தூக்கி எறியப்பட்டு, விண்வெளியில பல லட்சம் வருஷம் அலைஞ்சு, நம்ம காற்றுக்குள்ள எரிஞ்சுகிட்டே விழற கல்லுல அந்தத் தூசி எப்படி ஒட்டிட்டு வரும்? புதுசா விழுந்த கல்லுன்னா வெளியில மெல்லிசா, கண்ணாடி மாதிரி மினுமினுக்கிற கறுப்புத் தோல் இருக்கும், உள்ள சாம்பல் நிறம். 1865ல பீகார்ல ஷெர்காட்டி பக்கம் விழுந்தது அப்படித்தான், இன்னிக்கும் அந்த வகைக்கே ஷெர்காட்டைட்னுதான் பேரு.

ஓட்டையைப் பாத்ததும் எனக்கு உலைக்கழிவு, அதாவது ஸ்லாக் ஞாபகம்தான் வருது. என்கிட்ட "விண்கல்"னு கொண்டு வரதுல பாதி அதுதான்.

காந்தம் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். சாதாரண விண்கல்லுல உலோக இரும்பு இருக்கும், காந்தம் பிடிக்கும். செவ்வாய் கல்லுல உலோக இரும்பு அநேகமா கிடையாது, அதனால காந்தம் பெரும்பாலும் சும்மா லேசா இழுக்கும், இல்ல கண்டுக்கவே கண்டுக்காது. இதுக்கு விலக்கு ஒண்ணு இருக்கு, அதை சொல்லாம விட்டா அப்புறம் எவனாவது அதையே காட்டி உங்களை மடக்குவான். "பிளாக் பியூட்டி"ன்னு செல்லப்பேர், பதிவுப் பேர் என்டபிள்யூஏ 7034, சகாராவுல கிடைச்சது. பல பாறைத் துண்டுங்க நொறுங்கி ஒண்ணா இறுகின கல், அதுல மேக்னடைட்ங்கிற இரும்புத் தாது நிறைய இருக்கு, காந்தம் நல்லாவே பிடிக்கும். ஆனா பேரைப் பாருங்க, கறுப்பு! செங்கல் நிறம் இல்ல, பஞ்சு மாதிரி ஓட்டையும் இல்ல. அதனால "பிளாக் பியூட்டியிலயும் காந்தம் ஒட்டுமே"ன்னு அவர் ஆரம்பிச்சா அசராதீங்க.

சர்டிபிகேட்டா? பிரிண்டர் இருக்கிற யார் வேணும்னாலும் அடிக்கலாம், கேக்க ஆளில்ல. செவ்வாய் கல்னு உறுதி பண்றது லேப் வேலை. 1976ல அங்க இறங்கின வைக்கிங் கலங்கள் காற்றை அளந்து அனுப்பிச்சுது, அண்டார்டிகாவுல கிடைச்ச ஒரு கல்லுக்குள்ள கண்ணாடித் துளியில அடைபட்டிருந்த வாயு அதோட அப்படியே ஒத்துப்போச்சு, அப்பதான் நம்பிக்கையே வந்துச்சு. இந்த மாதிரி சோதனை பண்ற லேப் கொஞ்சம்தான், பொதுஜனம் கல்லை அனுப்பினா மாசக்கணக்குல பதிலே வராது, அந்த இடைவெளியிலதான் புரோக்கருங்க கடை விரிக்கிறாங்க. எனக்கு இதுல ரொம்பவே ஆத்திரம். "விண்கலம் எடுத்துட்டு வந்தது"ன்னு ஒருத்தர் சொன்னா அதோட போனை வச்சிடுங்க, இதுவரைக்கும் எந்த விண்கலமும் செவ்வாய்லேருந்து கல் கொண்டுவரல.

நீங்க கேக்க வேண்டியது, கல்லோட பதிவுப் பேர் என்னன்னு. உறுதியான ஒவ்வொண்ணுக்கும் மீட்டியோரிட்டிக்கல் சொசைட்டிங்கிற சர்வதேச விண்கல் ஆய்வாளர் சங்கத்தோட பட்டியல்ல பேர் இருக்கும், இன்டர்நெட்ல காசில்லாம பாக்கலாம். பேர் சரியா இருந்தாலும் உஷாரா இருங்க, நிஜப் பேரை எடுத்து வேற கல்லுக்கு ஒட்டுறவங்களும் இருக்காங்க. அதனால பெரிய கல் யார்கிட்ட இருக்கு, இந்தத் துண்டை யார் வெட்டினது, இவர் யார்கிட்ட வாங்கினாருன்னு வரிசையா கேளுங்க. நிஜமான வியாபாரி இதுக்கெல்லாம் கோச்சுக்க மாட்டார், உள்ளங்கை அளவு கல்லுக்குப் பதிலா நகக்கண் அளவு சாம்பல் துண்டு ஒண்ணுதான் காட்டுவார். பொண்ணுக்கு அது போதுங்க.