அபிமன்யு செத்தால் யாரும் சிரிப்பதில்லை, அண்ணா

கேள்வி: எனக்கு 46 வயது. கிருஷ்ணகிரியில் கடை வைத்திருக்கிறேன். 1998-ல் பெங்களூரில் இன்ஜினியரிங் படித்தபோது, ஹாஸ்டல் சீனியர் ஒருவரிடம் இருந்த விதிப்புத்தக ஸெராக்ஸ் கட்டிலிருந்து, ஆளுக்கு ஒரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடக் கற்றுக்கொண்டோம். அவர் டிஎம்மாக, அதாவது கதையையும் ஆட்டத்தையும் நடத்துபவராக, இருந்த காலத்தில் பால்ரிக் என்ற குள்ள வீரனை நான்கு வருஷம் ஓட்டினேன். இப்போது நான் டிஎம். நண்பர்கள் நால்வரும் மாதத்தில் ஒரு ஞாயிறு என் வீட்டு மாடியில் கூடுவோம். சமீபத்தில் என் அக்கா மகளும் அவளுடைய கல்லூரி நண்பர்கள் இருவரும் சேர்ந்தார்கள். தங்கள் கேரக்டருக்கு ஆளுக்கு மூன்று பக்கம் பேக்ஸ்டோரி, அதாவது முன்கதை, எழுதிக்கொண்டு வந்தார்கள். முதல் செஷனிலேயே அக்கா மகளின் கேரக்டர் குழியில் விழுந்து செத்தது. நாங்கள் வழக்கம்போல் சிரித்தோம். அவள் அழுதுவிட்டாள். ட்ரோல் என்ற அரக்கன் வந்தால், ஒரு பையன் ஃபோனைப் பார்த்து 'ட்ரோலுக்கு நெருப்பு வேணும்' என்கிறான். இன்னொருவன் 'செஷன் ஜீரோ வைக்கலையா அங்கிள்?' என்கிறான், ஆடுவதற்கு முன் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொள்வதாம். பசங்க வந்தால் இனி வரமாட்டோம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இந்தத் தலைமுறைக்குத் தோற்கவே தெரியாதா? இரண்டு மேஜையாகப் பிரித்துவிடலாமா?
— பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி

பதில்: அண்ணா, மேஜையைப் பிரிப்பதை அப்புறம் பேசுவோம். முதலில் அந்தக் குழி.

உங்கள் ஸெராக்ஸ் கட்டு 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பாகத்தான் இருக்கும். அடி எதிரி மேல் விழுமா என்று பார்க்க 'தாக்கோ' கணக்குப் போட்டுப் போட்டு பென்சில் தேய்ந்திருக்குமே, அதே. அதில் முதல் லெவல் மந்திரவாதியின் உயிர்ப்புள்ளிக்கு நாலு முகப் பகடை ஒன்றைத்தான் உருட்டவேண்டும், ஒன்று விழுந்தால் ஒன்று, பூனை பிறாண்டினாலே ஆள் காலி. ஒரு நாளைக்கு ஒரே மந்திரம், அதைப் போட்டுவிட்டால் மிச்ச நேரமெல்லாம் லாந்தர் பிடிக்கவேண்டியதுதான். புள்ளி சைபருக்கு வந்தால் சாவு. இப்படிப்பட்ட ஆளுக்கு யார் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதுவார்கள்? பிழைத்துக் கிடந்தால் கதை தானாக வரும் என்று விட்டிருப்பீர்கள். பால்ரிக்குக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

பசங்க படித்தது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் வழி. அதில் சைபருக்கு வந்தவன் பெரும்பாலும் உடனே சாவதில்லை, மயங்கி விழுகிறான், தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டுகிறான், 10-ம் அதற்கு மேலும் மூன்று தடவை வந்தால் உயிர் நிற்கும், மூன்று தடவை தவறினால்தான் போகும், அதற்குள் கூட்டாளி ஒருவன் ஓடிவந்து காப்பாற்றியும் விடலாம். அந்தப் புத்தகத்தை நம்பி முன்கூட்டியே கதை எழுதிக்கொண்டு வருவது புத்திசாலித்தனம். நீங்கள் எந்த விதியில் ஆட்டத்தை நடத்தினீர்கள் என்று கடிதத்தில் சொல்லவில்லை. பசங்களிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவள் ஒரு ஆட்டத்துக்கு வந்தாள், நீங்கள் வேறொரு ஆட்டத்தில் அவளைச் சாகடித்தீர்கள். தோற்கத் தெரியாத விஷயம் இதில் எங்கே வந்தது?

அப்புறம் அந்தச் சிரிப்பு. நம் பக்கத்தில் பாரதம் நடக்கும்போது பதினெட்டு நாளும் உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள் இல்லையா? அபிமன்யு சாகப்போகிறான் என்று பால்காரரிலிருந்து பஞ்சாயத்துக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் அந்த ராத்திரி பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அங்கே ஒருவர் கெக்கெக்கே என்று சிரித்தால் என்ன ஆகும்? ஹாஸ்டலில் நீங்கள் நால்வரும் ஒரே பக்கெட்டில் துணி துவைத்தவர்கள், ஒருவன் செத்தால் மற்றவன் சிரிப்பதில் பாசம் இருந்தது. முதல் நாள் வந்த பெண்ணுக்கு அந்தப் பாசம் எப்படித் தெரியும்?

இவர்கள் ஆட்டம் கற்ற இடத்தையும் பாருங்கள். 2015-லிருந்து 'கிரிட்டிகல் ரோல்' என்று குரல் நடிகர்கள் சிலர் தங்கள் ஆட்டத்தை அப்படியே இணையத்தில் காட்டிவருகிறார்கள், செஷன் ஒன்று மூன்று நான்கு மணி நேரம் போகும். பாதிப்பேர் ஆடுவதற்கு முன்பே நூறு மணி நேரம் பார்த்து முடித்தவர்கள். அவர்கள் மாதிரி நடிக்கவேண்டும், அவர்கள் டிஎம் மாதிரி நம் டிஎம்மும் பத்துக் குரலில் பேசவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது, அது கொஞ்சம் அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். பிறகு 2020 லாக்டவுன். எங்கள் வீட்டிலும் இப்படி ஆடுகிற பிள்ளை ஒன்று இருந்தது. நள்ளிரவில் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து 'உன் ராஜ்யத்தை எரிச்சது நான்தான், மன்னிச்சிடு' என்று குரல் கேட்டு நான் தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றிருக்கிறேன். டிஸ்கார்ட் என்ற இணைய அரட்டைச் செயலியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முகம் தெரியாத ஐந்து பேர், ஒருவர் கோவை, ஒருவர் துபாய். அங்கே எது வேடிக்கை, எது ஆகாது, சாவு உண்டா இல்லையா என்று முதலிலேயே பேசாவிட்டால் இரண்டாவது வாரம் ஆள் இருக்காது. செஷன் ஜீரோவை அவர்கள் கேட்பது அதனால்தான். நீங்கள் ஹாஸ்டலில் நான்கு வருஷம் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்று பேசித் தீர்த்ததை இவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிக்கிறார்கள், அவ்வளவே.

'அசல் ஆட்டம் எங்களுடையது' என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் முதல் பெட்டியை வெளியிட்டபோதே அதற்குள் இரண்டு ருசி இருந்தது. கைகாக்ஸ் பொம்மைப் படைகளை வைத்துப் போர் நடத்தும் விளையாட்டுக்கு விதி எழுதியவர். ஆர்னிசன் தன் ஆட்டத்தில் படையை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு பாத்திரமாகச் சுரங்கத்துக்குள் இறக்கியவர். அதிலிருந்து ஐம்பது வருஷமாக இதே சண்டைதான், இணையம் வந்ததும் சத்தம் அதிகமானது.

ஃபோன் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி. மேஜையில் ஃபோன் வேண்டாம் என்று சொல்ல டிஎம்முக்கு உரிமை உண்டு. ஆனால் ட்ரோலுக்கு நெருப்போ அமிலமோ வேண்டும் என்று நீங்களும் ஸெராக்ஸில் படித்துவிட்டுத் தெரியாத மாதிரி நடித்தவர்கள்தானே? ராயக்கோட்டை மலைக்கோட்டையை வரைபடமாக வையுங்கள், உச்சியில் நீங்களே உண்டாக்கிய ஒரு ஜந்துவை உட்கார வையுங்கள், எந்தத் தேடலிலும் அது சிக்காது.

பிரிக்கவேண்டாம். அடுத்த ஞாயிறு பகடையைத் தொடாமல் டீயும் போண்டாவும் வைத்துப் பேசுங்கள்: எந்தப் பதிப்பு, சாவு எப்படி, சிரிப்பு எவ்வளவு. பிறகு மூன்று செஷன் உங்கள் விதி, மூன்று செஷன் அக்கா மகள் டிஎம், நீங்கள் நால்வரும் அவளிடம் ஆட்டக்காரர்கள். வரமாட்டேன் என்கிற நண்பரிடம் அவருடைய பழைய கேரக்டரைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள், வந்துவிடுவார்.

செத்தவர்களுக்கு நம் ஊர் முறை இருக்கிறது. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள், மாடு மீட்கப் போய் விழுந்த வீரனின் பேரையும் அவன் விழுந்த கதையையும் நாலு வரியில் வெட்டிவைத்திருப்பார்கள். உங்கள் மேஜைக்கும் ஒரு நோட்டு போடுங்கள், செத்த கேரக்டருக்கெல்லாம் நாலு வரி, எழுதுவது அதை ஓட்டியவர். முதல் பக்கம் அக்கா மகளுக்கு. உங்கள் கடிதத்தில் பால்ரிக்குக்குப் பேர் இருக்கிறது, அவளுடையது வெறும் 'கேரக்டர்' என்று நிற்கிறது, பேரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாக்கோ கணக்கை மட்டும் பசங்களுக்குச் சொல்லித்தர முயலாதீர்கள், பாவம்.