ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் சர்வரின் சிஸ்டம் டிஸ்கை டிடி வைத்து அப்படியே வேறொரு மெஷினுக்குக் கொண்டுபோகலாமா?

சர்வரை நிறுத்தாமல், டிடி (டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் லினக்ஸ் கட்டளை) தரும் வெளியீட்டை எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியான பாதுகாப்பான இணைப்பு) வழியாகப் புது மெஷினின் டிஸ்கில் எழுதிவிட்டால் பூட் ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் பூட் ஆகிவிடும். எனக்குப் பயமே அதில்தான். பூட் ஆகிவிட்டதைப் பார்த்ததும் காப்பி சரியாக வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் நீங்கள் சொல்வதைத்தான் நானும் செய்தேன். 500 ஜிபி டிஸ்க், ஒரு கிகாபிட் நெட்வொர்க். வினாடிக்குச் சுமார் 110 எம்பி என்று வைத்தால் முழுதும் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். அவ்வளவு நேரமும் அந்த சர்வரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வேலை செய்துகொண்டேதான் இருந்தது. புது மெஷின் முதல் முயற்சியிலேயே எழுந்தது. லாகின் ஆனது, வெப்சைட் திறந்தது. பழைய டிஸ்கை அன்று மாலையே அழித்து வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "இந்த வாடிக்கையாளரைப் பெயர் போட்டுத் தேடினால் இல்லை என்கிறது. ஆனால் மொத்தப் பட்டியலை இறக்கினால் அதில் இருக்கிறார்" என்றார். டேபிளில் வரி இருக்கிறது, தேடலுக்கான அட்டவணையான இண்டெக்ஸில் இல்லை. இண்டெக்ஸ்களைத் திரும்பக் கட்டினேன். அப்போதுதான் வேறு சில டேபிள்களில் வரிகளே காணாமல் போயிருப்பது தெரிந்தது. காப்பி எடுத்த நாளுக்கு முந்தைய இரவின் பேக்கப்போடு ஒப்பிட்டு, விட்டுப்போனதை ஒவ்வொன்றாகக் கையால் சேர்த்தோம். அதை மறக்கவே முடியாது.

ஏன் இப்படி ஆகிறது? டிடி டிஸ்கின் முதல் செக்டாரில் ஆரம்பித்துக் கடைசி வரை வரிசையாகப் படிக்கும். ஃபைல் சிஸ்டம் என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பத்து மணிக்கு ஆரம்பித்தால் டிஸ்கின் முன்பகுதி பத்து மணி நிலையிலும், கடைசிப் பகுதி பதினொன்றேகால் மணி நிலையிலும் காப்பியாகும். நடுவில் ஒரு ஃபைல் முன்பகுதிக்குப் புதிதாக எழுதப்பட்டு, அதைப் பற்றிய குறிப்பு பின்பகுதியில் மாறியிருந்தால், குறிப்பு மட்டும் வரும், ஃபைல் வராது. "ஜர்னல் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்பார்கள். ஜர்னல் என்பது ஃபைல் சிஸ்டம் செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு. கரண்ட் போனால் டிஸ்க் முழுவதும் ஒரே கணத்தில் நின்றுபோகிறது. அந்த நிலையிலிருந்து மீட்கத்தான் ஜர்னல் இருக்கிறது. எந்தக் கணத்திலும் இருந்திராத ஒரு நிலையை அதனால் சரிசெய்ய முடியாது.

ஆகவே முதல் வேலை, டிஸ்கை அசையாமல் நிறுத்துவது. சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்த அனுமதி கிடைத்தால், லைவ் யூஎஸ்பியில் (சர்வரின் டிஸ்க் இல்லாமல் யூஎஸ்பியிலிருந்தே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து காப்பி எடுங்கள். இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. நிறுத்தவே முடியாது, ஆனால் எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் அடுக்கு) மேல் ஓடுகிறது என்றால், ஸ்னாப்ஷாட் எடுத்து அதிலிருந்து காப்பி செய்யலாம். அது ஒரே கணத்தின் படம், ஜர்னலுக்கும் டேட்டாபேஸுக்கும் அது போதும். அப்படியும் டேட்டாபேஸை மட்டும் தனியாக டம்ப் (முழு உள்ளடக்கத்தின் ஏற்றுமதி) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் எடுக்கிறேன்.

லைவ் யூஎஸ்பியில் ஒன்றில் மட்டும் கவனம் தேவை. சர்வரில் எஸ்டிஏ என்று இருந்த டிஸ்க், யூஎஸ்பியில் பூட் செய்தால் எஸ்டிபி ஆகலாம். டிடியில் மூலமும் இலக்கும் இடம் மாறினால் நல்ல டிஸ்க் ஒரு நொடியில் போய்விடும். அந்தப் பெயர்களை நம்பாமல் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவு, மாடல், சீரியல் எண் மூன்றையும் பாருங்கள். நான் சீரியல் எண்ணைத் தாளில் எழுதிவைத்து, என்டர் தட்டுமுன் இன்னொருவரைப் படித்துக்காட்டச் சொல்வேன்.

அப்புறம், டிடி தேவையா என்பதே கேள்வி. இரண்டும் ஒரே மாதிரி மெஷின், இலக்கு டிஸ்க் அதே அளவு அல்லது பெரியது என்றால் டிடி சுலபம். மற்ற எல்லா நிலையிலும் எனக்கு ஆர்சிங்க் கட்டளைதான். புது டிஸ்கில் பார்ட்டிஷனும் ஃபைல் சிஸ்டமும் புதிதாகப் போட்டு, ஃபைல்களை மட்டும் கொண்டுபோவது. 500 ஜிபி டிஸ்கில் 40 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றால் 40 ஜிபிதான் நகர வேண்டும். ஆப்ஷன்கள் முக்கியம்: சின்ன ஏ, பெரிய ஹெச், பெரிய ஏ, பெரிய எக்ஸ், கூடவே நியூமெரிக் ஐடிஸ். இவை இல்லாவிட்டால் ஹார்டு லிங்குகள் (ஒரே ஃபைலுக்கான பல பெயர்கள்) தனித்தனி ஃபைல்களாகிவிடும், ஏசிஎல், எஸ்ஈலினக்ஸ் லேபிள் என்ற அனுமதி விவரங்களும் விடுபடும். நியூமெரிக் ஐடிஸைப் பலர் விட்டுவிடுகிறார்கள். லைவ் யூஎஸ்பியிலும் சர்வரிலும் ஒரே பெயரில் ஒரு யூசர் வேறுவேறு எண்ணோடு இருந்தால், ஆர்சிங்க் பெயரைப் பார்த்துத் தப்பான எண்ணில் எழுதிவிடும். நெட்வொர்க் வழியாகக் காப்பி செய்யும்போதுதான் இது கடிக்கும். ஓடுகிற சிஸ்டத்திலிருந்து எடுத்தால் ப்ராக், சிஸ், டெவ், ரன் நான்கின் உள்ளடக்கத்தையும் விட்டுவிடுங்கள், ஆனால் அந்த ஃபோல்டர்கள் புது டிஸ்கில் காலியாக இருந்தாக வேண்டும்.

டிடிதான் என்று முடிவு செய்தால், ஒரே செக்டார் குறைவாக இருந்தாலும் சின்ன டிஸ்கில் முழுதாக அடங்காது. பெரிய டிஸ்க் என்றால் ஜிபிடி என்ற பார்ட்டிஷன் டேபிளின் பேக்கப் பிரதி டிஸ்கின் கடைசியில் இல்லாமல் நடுவில் கிடக்கும். எஸ்ஜிடிஸ்க் கட்டளையில் சின்ன ஈ ஆப்ஷன் அதைக் கடைசிக்கு நகர்த்தும். ஒரு டிஸ்க் 512 பைட் செக்டாரும் இன்னொன்று 4096 பைட் செக்டாரும் காட்டினால் பார்ட்டிஷன் டேபிளே படிக்காது, அங்கே ஆர்சிங்க்தான் சுலபமான வழி. பழைய டிஸ்கில் பேட் செக்டார் இருந்தால் டிடியைத் தொடவே வேண்டாம், டிடிரெஸ்க்யூ அதற்கென்றே இருக்கிறது.

டிடி எடுத்த கையோடு இரண்டு டிஸ்கையும் ஒரே மெஷினில் வைத்து பூட் செய்யாதீர்கள். இரண்டுக்கும் யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) ஒன்றே. நீங்கள் புது டிஸ்கில் ஓடுவதாக நினைத்திருக்க, ரூட் பழைய டிஸ்கிலிருந்து மவுண்ட் ஆகியிருக்கலாம். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்றால் இரண்டாவதை மவுண்ட் செய்யவே மறுக்கும்.

ஆர்சிங்க் வழியில் இது தலைகீழ். புது ஃபைல் சிஸ்டத்துக்குப் புது யூயூஐடி, ஆனால் பூட்டில் எவற்றை மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் ஃபைலில் பழையது இருக்கும். மாற்ற மறந்தால் கருப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமும் ஓடும், பக்கத்தில் வினாடி எண்ணிக்கை ஒன்றரை நிமிடம் வரை போகும், பிறகு எமர்ஜென்சி மோட். டேட்டா பார்ட்டிஷன் ஒன்றின் வரி தப்பாக இருந்தாலே இது வரும். அந்தத் திரையைப் பார்த்தால் பதறாமல் எஃப்எஸ்டாப் ஃபைலைத் திறந்து, பிஎல்கேஐடி கட்டளை காட்டும் எண்ணோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள்.

சரி, பூட். காப்பி முடிந்ததும் சிரூட் செய்து (புது டிஸ்கையே ரூட்டாக வைத்து) உள்ளே போய், இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் டிரைவர் தொகுப்பு) மறுபடி உருவாக்கி, க்ரப் பூட்லோடரைத் திரும்ப நிறுவுங்கள். டெபியன், உபுண்டு வகையில் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வழக்கமாகப் பெரும்பாலான டிரைவர்கள் இருக்கும். ரெட்ஹாட் வகையில் அதை உருவாக்கும் ட்ராகட், தான் ஓடும் மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் வைக்கும். அதனால் நிஜ சர்வரிலிருந்து விர்ச்சுவல் மெஷினுக்குப் போனால் டிஸ்கே தெரியாமல் போகலாம். அப்போது க்ரப் மெனுவில் ரெஸ்க்யூ என்று இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள், அதில் எல்லா டிரைவரும் இருக்கும். எழுந்ததும் ட்ராகட்டை மறுபடி ஓட்டினால் போதும்.

யூஇஎஃப்ஐ (புது வகை பூட் ஃபர்ம்வேர்) மெஷினில் பூட் பட்டியல் இருப்பது மதர்போர்டில், டிஸ்கில் இல்லை. காப்பி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் புது மெஷினுக்கு அதைப் பற்றித் தெரியாது. க்ரப் நிறுவும்போது ரிமூவபிள் ஆப்ஷன் கொடுத்தால், எந்த மெஷினும் தானாகத் தேடும் இடத்தில் ஒரு பிரதி உட்கார்ந்துவிடும்.

முதல் பூட்டுக்கு நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். புது மெஷின் தன்னைப் பழைய சர்வர் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அதே ஐபி, அதே கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலைகள். ராத்திரி இரண்டு மணிக்கு வாடிக்கையாளர்களுக்கு மெயில் போகும் வேலை இருந்தால் இரண்டு மெஷினும் அனுப்பும். கேபிள் இல்லாமல் கன்சோலில் உட்கார்ந்து ஹோஸ்ட்நேமையும் ஐபியையும் மாற்றி, கிரான் வேலைகளை நிறுத்திவையுங்கள். நெட்வொர்க் கார்டின் பெயரும் மாறியிருக்கலாம். இஎன்பி3எஸ்0 என்று இருந்தது இஎன்ஓ1 ஆகியிருந்தால், பழைய கான்ஃபிக் யாருக்கும் பொருந்தாமல் கிடக்கும்.

பழைய சர்வரும் தொடர்ந்து ஓடப்போகிறது என்றால், சர்வரின் அடையாளமான எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீகளை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள். இடிசி ஃபோல்டரில் இருக்கும் மெஷின் ஐடி ஃபைலைக் காலியாக்குங்கள், அடுத்த பூட்டில் புதிதாக வந்துவிடும். ஒரே டிஸ்கிலிருந்து பிறந்த இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள், மேக் முகவரி வேறாக இருந்தும், டிஹெச்சிபியில் (ஐபியைத் தானாகக் கொடுக்கும் முறை) ஒரே ஐபியை மாறிமாறிப் பிடிப்பதைப் பார்த்து அரை நாள் தேடியிருக்கிறேன். நெட்வொர்க்கை அமைக்கும் சிஸ்டம்டி நெட்வொர்க்டி, டிஹெச்சிபிக்குச் சொல்லும் தன் அடையாளத்தை மெஷின் ஐடியிலிருந்து எடுக்கிறது என்று தெரிந்த பிறகு, ஐந்து நிமிட வேலை.

கடைசியாக, டேட்டாபேஸை அதன் சொந்தக் கருவியாலேயே சோதியுங்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் முழு டம்ப் ஒன்று எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு டேபிளையும் அது படித்தாக வேண்டும். இண்டெக்ஸ்களைச் சோதிக்க ஏஎம்செக் இருக்கிறது. பழைய டிஸ்கைக் கழற்றி, தேதியும் சீரியல் எண்ணும் ஒட்டி, மாதக் கணக்கு ஒரு முறை முடியும்வரை அலமாரியில் வையுங்கள். அதுவரை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.