மார்மன் பையன்கள் 18 வயதில் வீட்டை விட்டு இரண்டு வருடம் ஜப்பானில் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? சம்பளம் உண்டா?

சம்பளம் கிடையாது. பையன்தான் பணம் கட்டுகிறான். மார்மன் என்பது அமெரிக்காவின் யூட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கிறிஸ்தவச் சபை; மதப் பிரசாரத்துக்காக இளைஞர்களை இப்படி இருவர் இருவராக அனுப்புகிறது.

வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டு பேரை ரயில் நிலைய வாசலில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஜப்பானில் வேலையாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு அந்த ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். அந்தச் சபைக்கு வக்காலத்து வாங்குவது என் வேலையில்லை. மதமாற்றம் சரியா தப்பா என்று சண்டை போட வருகிறவர்கள் அதைத் தனிக் கேள்வியாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் பணம். 2020 ஜூலை முதல் அமெரிக்கப் பையனுக்கு மாதம் 500 டாலர். அதற்கு முன் 400. 24 மாதத்துக்கு 12,000 டாலர் ஆகிறது. பெண்களுக்கு 18 மாதம்தான், ஆகவே 9,000. எந்த நாட்டுக்குப் போனாலும் இதே தொகை. 1991க்கு முன் அப்படி இல்லை. போகிற ஊரின் விலைவாசி எதுவோ அதைக் குடும்பமே சுமக்க வேண்டும், டோக்கியோ என்று வந்தால் அப்பாவுக்கு வியர்த்துவிடும். பெற்றோர் நேராக மகனின் வங்கிக் கணக்கில் போட்ட பணத்துக்கு வரிச்சலுகை கிடையாது என்று 1990இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பணம் சபையின் கட்டுப்பாட்டில் இல்லை என்பது காரணம். இப்போது பணம் சொந்த ஊர் வார்டின், அதாவது உள்ளூர்ச் சபையின் நிதிக்குப் போகிறது. வாடகையை அந்தப் பகுதியின் பிரசாரத்தை நடத்தும் மிஷன் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் மாதாமாதம் ஒரு சிறு தொகை கார்டில் ஏறும். கொன்பினியில் (எந்நேரமும் திறந்திருக்கும் சிறு கடை) ரெடிமேட் சாப்பாடு வாங்கியே ஓட்டுகிறவனுக்கு அது மாதக் கடைசி வரை வராது. அரிசி வாங்கிச் சமைக்கிறவன் தப்பிப்பான்.

ஊரை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டின் தலைவரான பிஷப், பல வார்டுகளுக்கு மேலுள்ள ஸ்டேக் தலைவர் இருவரும் நேர்காணல் செய்வார்கள். மருத்துவர், பல் மருத்துவர் படிவங்களும் வேண்டும். ஞானப்பல் தொந்தரவு தரும் போலிருந்தால் கிளம்பும் முன்பே பிடுங்கிவிடுவார்கள். சபைத் தலைமையகம் இருக்கும் சால்ட் லேக் சிட்டியிலிருந்து 'இந்த நாடு, இந்த மொழி' என்று உத்தரவு வரும். முன்பு பெரிய வெள்ளை உறையில் வந்தது, 2018இலிருந்து இணையத்தில் வருகிறது. விசா தாமதமானால் அமெரிக்காவிலேயே ஏதாவது ஊரில் வேலை செய்துகொண்டு காத்திருக்க வேண்டும். அவனுக்குப் பட்டப்பெயர் 'விசா வெயிட்டர்'.

யூட்டாவின் ப்ரோவோவில் சுமார் 9 வாரம் ஜப்பானிய மொழிப் பயிற்சி. அதில் முதல் பகுதி இப்போது வீட்டிலிருந்தே திரையில் நடக்கிறது. முதலில் கற்றுக்கொடுப்பது ஜெபம். அதனால்தான் வந்திறங்கியவனுக்கு உயிர்த்தெழுதலுக்கு 'ஃபுக்கட்சு' என்று தெரிகிறது. சைக்கிள் டயர் போனால் 'பன்க்கு' என்று சொல்லத் தெரிவதில்லை. மரியாதை வடிவத்திலேயே பழகியதால் குழந்தைகள் பேசும் சாதாரணப் பேச்சும் பிடிபடாது. ஜோடி ஜப்பானியனாக அமைந்தால் சீக்கிரம் தேறுவான், இரண்டு அமெரிக்கர்கள் சேர்ந்தால் அறைக்குள் ஆங்கிலம்தான் ஓடும்.

காலணி விஷயத்தைப் பலர் கோட்டை விடுகிறார்கள். தடித்த ரப்பர் அடியோடு இரண்டு ஜோடி, அதுவும் கயிறு கட்டாமல் மாட்டக்கூடியதாக வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கழற்ற வேண்டுமே. பெரிய பாதக்காரனுக்கு ஜப்பானியக் கடையில் அளவு கிடைப்பது கஷ்டம், ஊரிலிருந்தே கொண்டுவர வேண்டும். சாக்ஸில் ஓட்டை இருக்கக் கூடாது.

அடுத்தது தேநீர். காபி, டீ இரண்டும் அவர்களுக்குத் தடை, பச்சைத் தேநீரும் அதில் அடக்கம் என்று 2019இல் சபையின் இளைஞர் இதழே எழுதிவிட்டது. ஊற்றிவைத்த பிறகு வேண்டாம் என்றால் வீட்டுக்காரருக்குச் சங்கடம். ஊற்றும் முன்பே 'முகிச்சா இருக்கிறதா' என்று கேட்டுவிட வேண்டும். அது வாற்கோதுமையை வறுத்துப் போடுவது, தடை இல்லை.

நீங்கள் கேட்ட 'தாக்குப்பிடிப்பது' இதிலெல்லாம் இல்லை. சிக்கல் ஜோடியில்தான். கழிப்பறை, குளியல் தவிர எந்நேரமும் ஒருவர் பார்வையில் ஒருவர் இருக்க வேண்டும். ஜோடி யார் என்பதை மிஷன் தலைவர் முடிவு செய்வார், ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றம் வரலாம். புதியவனுக்கு முதல் 12 வாரம் பயிற்சியாளரோடு. ஒருவன் காலை 6:30க்கு எழுந்து உடற்பயிற்சி செய்ய, இன்னொருவன் போர்வைக்குள் கிடந்தால் அங்கே ஆரம்பிக்கும். வாரம் ஒருமுறை உட்கார்ந்து மனத்தாங்கலைச் சொல்லித் தீர்க்க வேண்டும் என்று ஏற்பாடே இருக்கிறது. அதை ஒப்புக்கு முடித்துவிட்டு எழுந்தால் போச்சு. அலாரம், பாத்திரம், சைக்கிள் வேகம் இந்த மூன்றையும் முதல் வாரத்திலேயே பேசாத ஜோடி ஆறு வாரமும் முறைத்துக்கொண்டே மிதிக்கும்.

வீட்டோடு பேச 2019 பிப்ரவரி வரை கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று வருடத்தில் இரண்டே அழைப்புகள், மற்றபடி வாராந்திர மின்னஞ்சல். இப்போது வாரம் ஒருமுறை, துணி துவைப்பது போன்ற சொந்த வேலைகளுக்கான 'பி-டே'யில் வீடியோவிலேயே பேசலாம். அது திங்கட்கிழமையாக இருந்தால், ஜப்பானில் காலை 9 என்பது யூட்டாவில் ஞாயிறு மாலை 5 அல்லது 6. குடும்பம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் கூடியிருக்கும் நேரம். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலருக்கு மனம் பெட்டி கட்ட ஆரம்பிக்கிறது. அதற்கு அவர்கள் பாஷையில் 'ட்ரங்கி'. மதியத்துக்குத் தள்ளிப் பேசுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். முடியாமல் பாதியில் திரும்புகிறவர்களும் உண்டு. உடம்போ மனமோ ஒத்துழைக்காதவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்யும் சேவை ஊழியம் இருக்கிறது. ஆனாலும் யூட்டாவில் பக்கத்து வீட்டுக் கேள்விகளிலிருந்து தப்ப முடியாது.

இன்னொன்று. இந்தக் கேள்வி-பதில் தளத்தில் மார்மன் என்று தட்டினாலே நாலு பெண்டாட்டி ஜோக்தான் வரிசையாக வருகிறது. பலதார மணத்தைக் கைவிடுவதாக இந்தச் சபை அறிவித்தது 1890இல். தேடிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஜோக்குகளுக்கு விழுகிற ஆதரவு வாக்குகளைப் பார்த்தால் இவ்வளவு நீளமாக எதற்கு எழுதுகிறோம் என்று தோன்றுகிறது.

மறுபடி நிலைய வாசலில் மடக்கினால், பேச விருப்பமில்லை என்றால் 'வேண்டாம்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள், தலைகுனிந்து நகர்ந்துவிடுவார்கள். 'பார்க்கலாம்' என்று நம் வழக்கப்படி இழுத்தீர்களானால் கைப்பேசியில் உங்கள் பெயரைக் குறித்துக்கொள்வார்கள்.