ஆறாத அல்சர்: மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 54. மூன்று மாதத்துக்கு முன் மேல்வயிற்று எரிச்சல் தாங்காமல் எண்டோஸ்கோபி செய்தேன். இரைப்பையில் அல்சர் என்றார்கள். அன்றிலிருந்து தினமும் பான்டபிரசோல் என்ற, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். போன வாரம் மறுபடி எண்டோஸ்கோபி செய்ததில், புண் சின்னதாகியிருக்கிறது, ஆனால் ஆறவில்லை என்கிறார்கள். மருந்து ஆரம்பித்து ஒரு மாதம் கழித்துச் செய்த கிருமிப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தது. காரம் தொடுவதே இல்லை. மூட்டு வலிக்கு மட்டும் எப்போதாவது ஒரு மாத்திரை போடுவேன். புற்றுநோயாக இருக்குமோ என்று ராத்திரி தூக்கமில்லை. ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்குமா?

பதில்: உங்கள் கடிதத்தில் 'மட்டும்' என்று ஒரு சொல் வருகிறது. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் வந்தார். ஐந்து மாதமாக ஆறாத புண். வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டேன். இல்லவே இல்லை என்றார். சரி, வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றேன். மேசையில் கொட்டியபோது பாதி காலியான டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. "இது முதுகுக்கு டாக்டர், வயிற்றுக்கு இல்லையே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதை ஒரு மருந்தாகவே அவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான். அதை நிறுத்தி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தொடர்ந்தோம். இரண்டு மாதத்தில் புண் ஆறிவிட்டது.

இரைப்பையின் உள்சுவரை அமிலத்திடமிருந்து காப்பது ஒரு வழவழப்பான படலம். அதைச் சுரக்கவைக்கும் பொருளின் உற்பத்தியையே டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை தடுத்துவிடுகின்றன. இது ரத்தம் வழியாக நடக்கிற வேலை. அதனால் ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் வயிறு தப்பாது. மூட்டு வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் மட்டும், அதை எழுதிக்கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

அடுத்து, கிருமிப் பரிசோதனையில் வந்த அந்த 'இல்லை'. அல்சருக்கு முக்கியக் காரணமான ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்காக பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு முன்பு கவலையாலும் காரத்தாலும்தான் அல்சர் வருகிறது என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலமும் உண்டு. பான்டபிரசோல் வகை மருந்து கிருமியைக் கொல்லாது. அடக்கி, பரிசோதனையின் கண்ணில் படாமல் செய்துவிடும். மூச்சு, மலம், திசு என எந்தப் பரிசோதனைக்கும் முன்பு இரண்டு வாரம் அந்த மாத்திரை இல்லாமல் இருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் என்றால் நான்கு வாரம். நீங்கள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்த 'இல்லை'யை நான் நம்ப மாட்டேன். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆறாத புண்ணோடு எப்போது, எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். இடைப்பட்ட நாட்களுக்கு வேறு மருந்து தருவார். கிருமி இருந்தால் பெரும்பாலும் 14 நாள் கூட்டு மருந்து. முடித்து நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி பார்த்தே ஆக வேண்டும். இந்தக் கடைசிப் பரிசோதனைக்குத்தான் பலர் வருவதே இல்லை.

மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பிடும்போதுதான் முழுவேகத்தில் இயங்கும். அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடைக்க முடியும். அப்புறம், புகைப்பவர் என்றால் நிறுத்துங்கள். புகை இருக்கும்வரை புண் ஆறத் தாமதமாகும்.

இனி உங்கள் பயம். இரைப்பைப் புண்களில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனாலும் 'சின்னதாகிவிட்டதே' என்று மட்டும் நிம்மதி அடைய முடியாது. புற்றுநோய்ப் புண்கூட இந்த மாத்திரையில் கொஞ்சம் சுருங்கி ஏமாற்றும். இரைப்பைப் புண் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், விளிம்பைச் சுற்றிப் பல இடங்களில் மறுபடி பயாப்ஸி, அதாவது பரிசோதனைக்குச் சின்னத் திசுத் துண்டுகள், எடுத்துப் பார்ப்பதுதான் முறை. போன வாரம் எடுத்தார்களா? ரிப்போர்ட்டில் எத்தனை துண்டு என்று எழுதியிருக்கும், பாருங்கள். எடுக்கவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். பல புண்கள் இருந்தாலோ, கூடவே வயிற்றுப்போக்கு இருந்தாலோ ரத்தத்தில், அமிலச் சுரப்பைத் தூண்டும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனின் அளவையும் பார்ப்பார்கள். அந்த ஹார்மோனைக் கொட்டி, அமிலத்தை அளவுக்கு மீறிச் சுரக்கவைக்கும் கட்டி ஒன்று உண்டு. அது மிக அரிது.

ஆபரேஷன் இப்போதெல்லாம் அபூர்வம். நிற்காத ரத்தக்கசிவு, ஓட்டை, அடைப்பு, புற்றுநோய் என்றால்தான் அந்தப் பேச்சே வரும். ஆனால் மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, திடீரென்று வயிறு கல்லாக இறுகி வலித்தாலோ, ராத்திரியானாலும் விடியக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இந்த வாரம் மருத்துவரிடம் போகும்போது இரண்டு எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டுகளையும், அந்த மூட்டு வலி மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.