பில்லில் வால்நட், வீட்டில் சீஷம்: நாற்காலிப் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: 14 மாதங்களுக்கு முன் புதுச்சேரியில் ஒரு பழம்பொருள் கடையில் சாப்பாட்டு மேசைக்கு 6 நாற்காலிகள் வாங்கினேன். விலை 4,80,000 ரூபாய். பில்லில் 'ஜார்ஜ் நகாஷிமா, கோனாய்ட், வால்நட், ஒரிஜினல்' என்று இருக்கிறது (நகாஷிமா அமெரிக்க மரச்சாமான் வடிவமைப்பாளர், கோனாய்ட் அவருடைய ஒரு நாற்காலி மாடல்). 'கோல்கொண்டா விடுதிக்காக அவரே செய்தவை' என்று வாட்ஸ்அப்பிலும் எழுதினார்கள். ஒரு நாற்காலி ஆட்டம் கண்டதால் தச்சரைக் கூப்பிட்டேன். மரம் வால்நட் அல்ல, நம் நாட்டுச் சீஷம் என்கிறார். கடைக்காரரோ 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பில் வரியைக் காட்டுகிறார்.
- வாசகர், சென்னை

பதில்: முதலில் தச்சு வேலையை நிறுத்துங்கள். பசை, பாலிஷ், புது ஆணி எதுவும் வேண்டாம். அந்த நாற்காலிகள்தான் உங்கள் சாட்சி.

கடைக்காரரின் பேச்சே ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. நகாஷிமா, கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்துக்காக, அரவிந்தர் ஆசிரம விடுதியான கோல்கொண்டாவின் கட்டடப் பணியை நடத்தப் புதுச்சேரியில் இருந்தது 1930-களின் பிற்பகுதியில், 1939-இல் கிளம்பிவிட்டார். கோனாய்ட் நாற்காலியை வடிவமைத்தது 1960-இல், அமெரிக்காவின் நியூ ஹோப்பில். இரண்டும் ஒரே நாற்காலிக்குப் பொருந்தாது. அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுக்குக் கேட்கப்படும் சான்றிதழோடு கொடுங்கள்.

ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். கோனாய்டுக்கு இரண்டே கால்கள். அவை தரையில் படுத்த இரண்டு கட்டைகள் மேல் நிற்கும். இருக்கை கரும்பழுப்பு வால்நட், முதுகுக் குச்சிகள் வெளிறிய ஹிக்கரி என்ற வேறு மரம். ஆக, நிறம் இரண்டாகத் தெரிய வேண்டும். குச்சி, இருக்கை, கால் எல்லாம் ஒரே மரமாக இருந்து சாயம் மட்டும் ஏற்றியிருந்தால், வெளிச்சத்தில் படம் எடுங்கள். இருக்கைக்கு அடியில் ஆர்டர் கொடுத்தவர் பெயர் மையால் எழுதியிருப்பது அவர் பட்டறை வழக்கம். ஆனால் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து வாதாட வேண்டாம். ஸ்டார் ஸ்க்ரூ இருப்பதை வைத்தும் வாதாட வேண்டாம், அது 1930-களிலேயே வந்துவிட்டது.

'போலி' என்று நிரூபிக்கக் கிளம்பினால் வழக்கு இழுக்கும். 'பில்லில் எழுதிய பொருள் இது அல்ல' என்பதே உங்கள் வழக்கு. பொருள் விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 15: விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். 'இந்த விலைக்கு ஒரிஜினல் கிடைக்குமா?' என்று எதிர்த்தரப்பு கேட்கும். அமெரிக்க ஏலங்களில் ஒரு கோனாய்டே பல ஆயிரம் டாலர் போவதால் கேள்வி வலுவானதுதான். மர வகைக்கு இந்த வாதம் செல்லாது. வால்நட் என்று எழுதியது அவர்.

சிவில் நீதிமன்றம் போனால் ஒரு சிக்கல் உண்டு. பொருளை ஏற்று 14 மாதம் பயன்படுத்திவிட்டதால், பொருள் விற்பனைச் சட்டத்தின் பிரிவு 13-இன்படி திருப்பிக் கொடுக்கும் உரிமை போய் நஷ்டஈடு மட்டுமே மிஞ்சலாம். நுகர்வோர் ஆணையமோ, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவில் விலையை வட்டியோடு திருப்பித் தரச் சொல்ல முடியும். பொருளின் தரம், மாடல் பற்றிப் பொய் சொல்வது அதே சட்டத்தின் பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் அடியில் அச்சடித்த ஒரு வரி அதை மூடிமறைக்காது.

15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சென்னையில் நீங்கள் வசிக்கும் பகுதிக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. மரத்தை நீங்களே செதுக்கி அனுப்பாதீர்கள், 'மாதிரியை மாற்றிவிட்டார்' என்பார்கள். 2019 சட்டத்தின் பிரிவு 38-இன் கீழ் ஆணையமே முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேளுங்கள். பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் மர வகையை இனங்காணும். ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

ஆணையத்தில் மனு போடக் காலவரம்பு 2 ஆண்டு. தச்சர் சொன்ன நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிடலாம்தான், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். வாங்கிய தேதியிலிருந்து எண்ணினால் 10 மாதம் இருக்கிறது. நாற்காலிகளை உணவகத்துக்கோ மறுவிற்பனைக்கோ வாங்கியிருந்தால் மட்டும் ஆணையத்தின் கதவு திறக்காமல் போகலாம், அப்போது சிவில் வழக்குதான்.